அவலம் அண்ணை எழுத மறுத்த சாவு

எங்கள் தெருவில் ஒரு மனிதர் பேனையைத் திறந்தால் யாராவது ஒருவர் செத்தே ஆகவேண்டும். அவர் பேனையை மூடும்போது ஒருவருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள். ராசா சாவார், ராணி சாவாள், மந்திரி சாவான், தூது கொண்டுவந்தவன் தூதைச் சொல்லி முடித்த கையோடு சாவான். ஒருமுறை சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்று விசிறி வீசியவனையும் கொன்றார். "உவன் என்ன பாவம் செய்தவன் அண்ணை?" என்று கேட்டதற்கு, "எல்லாரும் செத்தாப் பிறகு உவன் ஆருக்கு விசுக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு விசிறிக்காரனாக நடிக்க வந்தவர்கள், தாங்கள் எந்த வகையில் சாகப்போகிறோம் என்பதை முதல் நாளே விசாரித்துக்கொண்டார்கள்.

அவர்தான் அவலம் அண்ணை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லித் தேடினால் குருநகரில் ஒருவரும் வழி காட்டமாட்டார்கள். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அவருடைய ஐஸ்கடை இருந்தது. மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பது தொழில். ராசாக்களைக் கொல்வது ஊழியம்.

ஐஸ் வாங்கப் போகிறவர்கள் அவசரத்தில் போவார்கள். மீன் காத்திருக்காது. அவலம் அண்ணை காத்திருப்பார்.

"ரெண்டு கட்டி ஐஸ் தாங்கோ அண்ணை, கெதியா!"

"தாறன். அதுக்கு முதல் ஒண்டு சொல்லு. அவலச்சுவை எண்டா என்ன?"

வந்தவன் தலையைச் சொறிவான். அண்ணை விளக்கத் தொடங்குவார். விளக்கம் முடியும்போது இரண்டு கட்டி ஒரு கட்டியாகியிருக்கும். "கரைஞ்சு போச்சே!" என்று வந்தவன் அழுவான். "உதுதான் அவலம்" என்று அண்ணை பாடத்தை முடிப்பார். இப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

ஆனால் ஆளின் தோற்றத்துக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேல்வரிசைப் பற்கள் உதட்டுக்கு வெளியே வந்து நின்று போகிற வருகிறவர்களை வரவேற்கும். காதுகள் இரண்டும் பாய் விரித்த வள்ளம் மாதிரி. கடவுள் அவரைப் பகிடி நாடகத்துக்கென்றே செய்துவிட்டு, கடைசி நேரத்தில் மனத்தை மட்டும் மாற்றி வைத்துவிட்டார். செத்தவீட்டில் போய் அவர் துயரத்தோடு கையைப் பிடித்தால், பிடிபட்டவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கலியாணம் கட்டவில்லை. நாடகத்தில் சேர்த்துவைத்த சோடிகளை எல்லாம் கொன்றதால்தான் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை என்று ஊரில் கதைத்தார்கள்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "சிரிப்பு பிளேன்ரீ மாதிரியடா. குடிச்ச நேரம் சுகம், கொஞ்சத்திலை போயிடும். அழுகை குத்தரிசிச் சோறு. அதுதான் உடம்பிலை பிடிக்கும்."

எங்கள் கோயில் பங்குக்குப் புதிதாக வந்த இளம் பாதர் தமிழ் படித்தவர். ஒருநாள் ஐஸ்கடை வாசலில் நின்று பேச்சுவாக்கில் சொன்னார்:

"பழைய இலக்கணத்திலை சுவைகளைச் சொல்லேக்கை முதல்லை சிரிப்பைத்தானே வைச்சிருக்கினம் அண்ணை. அழுகை ரெண்டாவதுதானே?"

அண்ணை ஐஸ் உடைக்கிற கோடரியைக் கீழே வைத்தார்.

"பாதர், அது ஏடு பாத்து எழுதினவன் விட்ட பிழை."

"எல்லா ஏட்டிலையும் அப்பிடித்தானே கிடக்கு?"

"அப்ப எல்லாத்தையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறான். வேலை முடியப்போற சந்தோசத்திலை சிரிச்சுச் சிரிச்சு எழுதியிருப்பான்."

பாதர் வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார்.

நான் அந்தக் காலத்தில் பட்டணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கு. பின்னேரங்களில் அவலம் அண்ணையின் நிரந்தர மந்திரி. எந்த நாடகமானாலும் இரண்டாவது சாவு என்னுடையது. நஞ்சு குடித்துச் செத்திருக்கிறேன், வாளால் செத்திருக்கிறேன், பாம்பு கடித்தும் இடி விழுந்தும் செத்திருக்கிறேன். ஒரு நாடகத்தில் வெறும் கவலையாலேயே செத்தேன். எழுதி முடிக்க அவருக்கு நேரம் போதவில்லை.

ராசா எப்போதும் அல்பிரட்தான். அடுத்த ஒழுங்கைக் கடற்றொழிலாளி. ஆள் பெருத்த உடம்பு, குரல் அதைவிடப் பெருசு. அவர் கரையில் நின்று மனைவியைக் கூப்பிட்டால் கடலில் நிற்கிற வள்ளங்களும் திரும்பிப் பார்க்கும். அல்பிரட் மேடையில் சாகத் தொடங்கினால், ஐஸ்பழக்காரன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி விற்றுவிட்டு வந்தாலும் கடைசி மூச்சைப் பார்க்கலாம். "ஐயகோ, என் நாடே! என் குடிகளே! மந்திரி, என் வாளை எடு!" என்று தொடங்கி, மலை, ஆறு, யானை, குதிரை என்று ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக விடைபெறுவார். செத்து முடிந்த பிறகும் நுளம்பு கடித்தால் கையை ஓங்கிப் பளாரென்று அடிப்பார்.

சனம் சிரிக்கும். அவலம் அண்ணையின் வாழ்க்கையில் இருந்த ஒரே துன்பியல் அதுதான். அழவைக்க எழுதுவார், சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஒரு நாடகத்தில் பஞ்சத்தைக் காட்டுவதற்காக உண்மையான ஆடு ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆடு பசியால் விழுந்து சாகவேண்டும். அதற்காக மூன்று பின்னேரம் அதை விழப் பழக்கினார். மேடை ஏறிய ஆடு விழவில்லை. ராணியின் கழுத்து மாலையைச் சாப்பிட்டது. பிறகு ராணியின் கொண்டையைச் சாப்பிட்டது. ராணியாக நடித்த பெடியன் மொட்டைத் தலையோடு "என் பசித்த மக்களே!" என்று அழுதான்.

நாடு முழுக்கக் கறண்ட் வெட்டிய வருசம் அதைவிட மோசம். ராசா செத்துக் கிடக்கிறார், ராணி மேலே விழுந்து அழுகிறாள், கறண்ட் போய்விட்டது. சனம் இருட்டில் பொறுமையாக இருந்தது. திரும்ப வெளிச்சம் வந்தபோது ராசா காலை நீட்டி இருந்து வடை தின்றுகொண்டிருந்தார். ராணி முடியைக் கழற்றி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அவலம் அண்ணை மேடைக்குப் பாய்ந்து வந்தார். "செத்த வீட்டிலை நிண்டு சிரிக்கிறியளோ? உங்களுக்கு மனம் எண்டு ஒண்டு இல்லையோ?"

கூட்டத்திலிருந்து ஒரு கிழவி கேட்டாள்: "செத்தவரே வடை தின்னுறார் தம்பி, எங்களுக்கு என்ன?"

அதற்கு அடுத்த வருசக் கோயில் திருநாளுக்குத்தான் பாதர் அந்தக் கோரிக்கையோடு வந்தார்.

"அண்ணை, கொரோனாவிலை சனம் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தது. பிறகு மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் எல்லாம் கரையிலை கிடந்தது. காணக்கூடிய துன்பம் எல்லாம் கண்டாச்சு. இந்த முறை ஒரு பகிடி நாடகம் போடுங்கோ. ஒருத்தரும் சாகக்கூடாது."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும்."

"ஒரு கிழவன் பாதர்? ஏற்கெனவே வருத்தத்திலை படுத்த கிழவன்?"

"கூடாது."

"ஒரு ஆடு?"

"ஆடும் கூடாது."

அண்ணை நெடுநேரம் ஐஸ்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவர் சோற்றை நிறுத்தச் சொன்ன ஆளின் முகம். ஆனால் பாதர் சொல்லைத் தட்டமாட்டார். ஒப்புக்கொண்டார்.

கதை இதுதான்: ஒரு மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். மாப்பிள்ளையின் மாமன் போகிற வீடுகளில் எல்லாம் பலகாரத்தை மூச்சுவிடாமல் தின்றுவிட்டு, "பொம்பிளை எங்களுக்குப் பிடிக்கேல்லை" என்று எழும்பிவிடுவார். அடுத்த வீட்டிலும் பலகாரம் கிடைக்கவேண்டுமே! மாமன் அல்பிரட். நான் கலியாணத் தரகன்.

முதலில் எழுதிய கொப்பியில் மூன்றாம் காட்சியிலேயே தரகனைப் பாம்பு கடித்தது.

"அண்ணை!" என்றேன்.

"பழக்கதோசமடா" என்று கிழித்தார்.

மறுபடி எழுதியதில் பாம்பு இல்லை. பெண்வீட்டுக் கிணறு ஒன்று இருந்தது. அதையும் தூர்த்தோம். ஒருவழியாகக் கதை உயிரோடு நடந்தது, ஆனால் முடிவு வரவில்லை. "ஆக்கள் சாகாட்டி நாடகம் எப்பிடியடா முடியிறது? ஆரைப் பாத்துத் திரையை இழுக்கிறது?" என்று கேட்டபடி ஐஸ்கடைப் பின்வளவில் நடந்துகொண்டே இருந்தார். அங்கேதான் எங்கள் ஒத்திகை. முடிவில்லாமலே பழகத் தொடங்கினோம்.

திருநாள் நெருங்கிக்கொண்டிருக்கையில் அல்பிரட் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

சோளகக் காற்று பலத்திருந்த காலம். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியே போனவர். பின்னேரம் வரவேண்டிய வள்ளம் வரவில்லை. அடுத்த நாள் எங்கள் கரையில் இருந்த வள்ளங்கள் எல்லாம் தேடப் போயின. சொல்லவேண்டிய இடங்களுக்கெல்லாம் சொன்னார்கள். ஒரு மிதவை, ஒரு எண்ணெய்க் கான், ஒன்றும் அகப்படவில்லை. அல்பிரட்டின் மனைவிக்கு நிசமாகவே ராணி என்றுதான் பெயர்; அவள் வாசற்படியில் இருந்தவள் இருந்தபடியே இருந்தாள். நாள் போகப் போகத் தேடிப் போன வள்ளங்கள் குறைந்தன. பிறகு பெண்கள் மெல்லிய குரலில் கதைக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவுக்கு அந்தக் குரல் பழக்கமானது. அது வந்தால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருள்.

தெருப் பெடியள் சிலர் ஐஸ்கடைக்கு வந்தார்கள். நல்ல பெடியள். கண் சிவந்திருந்தது.

"அண்ணை, அல்பிரட் அண்ணைக்குக் கண்ணீர் அஞ்சலி பனர் அடிக்கப் போறம். நீங்கள்தான் நாலு வரி எழுதித் தரவேணும்."

உலகத்தில் இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ராசாவாக அந்த மனிதரை ஒவ்வொரு திருநாளுக்கும் கொன்றவர். அவருடைய சாவுக்கு எழுதிய வரிகளை அடுக்கினால் ஐஸ்கடைக் கூரையை முட்டும்.

அவலம் அண்ணை கோடரியைத் தூக்கி ஒரு கட்டியின் மேல் போட்டார். "எழுதமாட்டன்."

"நாலே நாலு வரி அண்ணை..."

"மேடையிலை சாகிறவன் திரை விழ எழும்பிப் போவான். அந்தத் துணிவிலைதான் நான் கொல்லுறனான். இதை எழுதினா ஆரடா எழும்பிறது? போங்கோ!"

பெடியள் போய்த் தாங்களே நாலு வரி எழுதி, சந்தியில் பனரைக் கட்டினார்கள். அவலம் அண்ணை ஏணியை எடுத்துக்கொண்டு போனார். சந்தியில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, ஏறி, கயிற்றை அறுத்து, பனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவரைத் தடுக்கவும் தெரியவில்லை, ஏணியை விடவும் தெரியவில்லை.

அதோடு நின்றாரா? அன்று பின்னேரம் ஒத்திகைக்கு வரச்சொல்லி எல்லாருக்கும் ஆள் அனுப்பினார்.

"விசரோ அண்ணை உங்களுக்கு?" என்று கேட்டேன். "அல்பிரட் அண்ணை இல்லாமல் என்னத்தை ஆடுறது?"

"அவன்ரை கதிரையைப் போடு. அவன் கதைக்க வேண்டிய இடத்திலை அவ்வளவு நேரம் விட்டுட்டு நீ உன்ரையைச் சொல்லு. வரேக்கை இடம் பிடிபடாமல் நிக்கக்கூடாது."

வெறுங்கதிரைக்கு முன்னால் நின்று, "மாமா, பொம்பிளை பிடிச்சிருக்கோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து பாருங்கள். அந்த இடைவெளியில் பூவரசமரத்துக் காகம் கத்தும். அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அடுத்த ஒழுங்கைக்குச் சத்தம் போகாமல் இருக்குமா? ராணி வந்தாள். நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தாள். அத்தனை நாளும் வாசற்படியில் அசையாமல் இருந்தவள்.

"என்ரை வீட்டிலை உலை வைக்கேல்லை. இஞ்சை பகிடி நாடகமோ ஆடுறியள்?"

நாங்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். அவலம் அண்ணை மட்டும் அவளைப் பார்த்து, "அவன் வருவான் பிள்ளை" என்றார்.

ராணி அப்போது கேட்டதை எங்கள் தெருவில் அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை.

"உங்கடை தம்பிக்கும் உப்பிடித்தானே சொல்லிக்கொண்டு இருந்தனியள்? வருவான், வருவான் எண்டு. வந்தவரோ?"

அவருடைய தம்பி சண்டைக் காலத்தில் கடலுக்குப் போனவர். அவ்வளவுதான் தெரியும். பூசை வைக்கவில்லை, படம் மாட்டவில்லை. அந்தக் கதையைத் தொடாமல் சுற்றிப் போக எல்லாரும் பழகியிருந்தோம்.

அவலம் அண்ணை கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைப் பிள்ளை. வரேல்லை. ஆனா அவன் வராதபடியால் இவனும் வரமாட்டான் எண்டு எவன் எழுதினவன்?"

ராணி திட்டுவாள் என்று நினைத்தேன், மயங்கி விழுவாள் என்றும் நினைத்தேன். அவள் ஐஸ்பெட்டி ஒன்றின் மேல் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, கதிரையைக் காட்டிக் கேட்டாள்:

"உதிலை அவருக்கு என்ன வேசம்?"

"மாமன் வேசம் பிள்ளை. போற வீடெல்லாம் பலகாரத்தைத் திண்டு முடிச்சிட்டு, பொம்பிளை சரியில்லை எண்டு எழும்பி வாற ஆள்."

ராணி கதிரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் உதுதான் அண்ணை நடந்தது. முறுக்கை முடிச்சார். பயித்தம்பணியாரத்தை முடிச்சார். அம்மா உள்ளுக்கை போய், 'மாப்பிள்ளை தட்டத்தையும் திண்டிடுவார் போலை கிடக்கு, கெதியா ஓம் எண்டு சொல்லு' எண்டவ..."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க எங்களுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒரே சத்தம்தான், ஒரே மூச்சுத்தான். தரகன் வேசம் போட்ட நான் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவலம் அண்ணை கோடரியோடு உள்ளே போய், ஒருவரும் கேட்காத ஐஸை உடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நான் கந்தோருக்குப் போகிற வழியில் கடையில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

"ஐஸ்கடை" என்றார் அண்ணை. மற்றப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "ஓம். ஓம். எத்தினை கட்டி வேணும்?" மறுபடியும் ஏதோ சொன்னார்கள். அண்ணையின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெல்லப் பின்னுக்குப் போய், உடைக்க வைத்திருந்த ஐஸ் கட்டியின் மேல் இருந்துவிட்டார். கட்டியிருந்த சாரம் நனைந்து நிலத்தில் தண்ணீர் ஓடியது. அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணை, என்ன?"

வாளை எடு, முடியை எடு என்று பக்கம் பக்கமாக எழுதிய மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஈரச் சாரத்தோடு அடுத்த ஒழுங்கைக்கு ஓடினார். ராணி எழும்பி நின்றாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். அந்தப் பற்களை வைத்து அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாராலும் சொல்லமுடியாது.

"உலையை வை பிள்ளை" என்றார் அவலம் அண்ணை. "உன்ரை மனுசன் பசியோடை வாறான்."

வான் ஒன்று பிடித்துக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் போனோம். ராணி, பாதர், அவலம் அண்ணை, நான், இடம் கிடைத்த மற்றவர்கள். அல்பிரட்டின் வள்ளத்தை, எஞ்சின் பழுதாகி, சோளகம் இழுத்துக்கொண்டு போய், அந்தப் பக்கத்துக் கடற்றொழிலாளர் ஒருவர் கண்டு கட்டி இழுத்து வந்திருக்கிறார். வைத்தியர் பார்த்துவிட்டார், பயமில்லை என்றார்கள். அந்த மனிதருடைய வீட்டு விறாந்தையில், அல்பிரட் வெயிலில் வெந்து கருவாடு மாதிரிக் கிடந்தார். தேசிக்காய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லிக் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வேறை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ராணி அவரைக் கட்டிப்பிடித்தாள், பிறகு ஒரு அடி போட்டாள், பிறகு மறுபடியும் கட்டிப்பிடித்தாள்.

காப்பாற்றிய மனிதர் எங்களிடம் சொன்னார்:

"நடுக்கடலிலை ஒரு குரல் கேட்டுதண்ணை. 'ஐயகோ, என் நாடே! மந்திரி, என் வாளை எடு!' எண்டு. நான் நடுங்கிப் போனன். பேய்தான் எண்டு வள்ளத்தைத் திருப்பினன். பிறகு பாத்தா, அதே கதையைத் திருப்பி முதல்லை இருந்து தொடங்கிறார். யானைக்குப் பிறகு என்ன எண்டு தெரியாமல் தடக்குப்பட்டார். பேய் பாடம் மறக்காது, இது மனிசன்தான் எண்டு கிட்டப் போனன்."

அவலம் அண்ணை அல்பிரட்டின் பக்கத்தில் போய்க் குந்தி இருந்தார். தண்ணீர் இல்லாமல், நிழல் இல்லாமல் கிடந்து சாவிலிருந்து திரும்பிய மனிதரிடம் அவர் முதலில் கேட்டது இதுதான்:

"கடைசிக் காட்சியோ சொன்னனி?"

"ஓம் அண்ணை." அல்பிரட்டின் அந்தப் பெரிய குரல் கரகரத்துப் போயிருந்தது. "தூரத்திலை வள்ளம் போறமாதிரிக் கிடந்தால் கத்துவன். 'உதவி' எண்டு கத்தினா ரெண்டு தரத்திலை தொண்டை அடைக்குது. உங்கடை வசனம் எண்டா நிண்டு பிடிக்குது. அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தன். ஆனா அண்ணை, கடைசி வரி மட்டும் சொல்லேல்லை."

"ஏன்ரா?"

"அதைச் சொன்னா ராசா செத்துப்போவார் அல்லோ? எனக்குப் பயமாக் கிடந்தது. குதிரை வரைக்கும் வந்திட்டு, திருப்பி நாட்டிலை இருந்து தொடங்குவன்."

அப்போதுதான் அவலம் அண்ணை சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஐஸ் அரைக்கிற மெசின் மாதிரி ஒரு சத்தம். அந்த வீட்டு நாய் குரைத்தது. பாதர் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணை சிரித்துச் சிரித்து விறாந்தையில் சாய்ந்து, கண்ணிலும் மூக்கிலும் ஓட, சாரத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் அல்பிரட்டுக்குப் பனர் விசயம் தெரியவந்தது. "எந்தப் படத்தைப் போட்டவங்கள்?" என்று கேட்டார். சொன்னோம். "அதிலை வண்டி வயிறு தெரியுமேயடா!" என்று கீரிமலைக் கேணியில் நீந்துகிறவர் மாதிரி மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். அந்த முறை தெரியக்கூடிய அளவுக்கு வண்டி இருக்கவில்லை. பனரைத் தனக்குத் தரவேண்டும், வீட்டில் மாட்டவேண்டும் என்று நின்றார். "தரமாட்டன்" என்றார் அவலம் அண்ணை. "எழுத்துப்பிழை கிடக்கு."

திருநாள் நாடகம் நடந்தது. முடிவுதான் கடைசிவரை வரவில்லை. "என்ன செய்யப் போறியள் அண்ணை?" என்று பாதர் பதறியபோது, "முடிவு கிடக்கட்டும் பாதர், எல்லாரையும் இருத்திச் சாப்பாடு போடுவம்" என்றார். ராணி மேடைக்குப் பின்னால் பெரிய பானையில் ஒடியற்கூழ் காய்ச்சினாள். நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை. வாசத்தில் முன்வரிசை அந்தரப்பட்டது. கடைசிக் காட்சியில் மாப்பிள்ளை, பெண், தரகன் எல்லாரும் வட்டமாக இருந்தோம். மாமன் பலகாரத்தட்டை வழித்துவிட்டுக் கூழுக்குக் கோப்பையை நீட்டினார். பகிடியின் உச்சம் அதுதான். அண்ணை நினைத்திருந்தபடி சனம் அந்த இடத்தில் கூரை பறக்கச் சிரிக்கவேண்டும்.

சனம் அழுதது.

அல்பிரட் ஒரு மிடறு குடிக்கக் குடிக்க, முன்வரிசைக் கிழவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார்கள். அந்த மனிதர் சாப்பிடுவதைத் திரும்பப் பார்ப்போம் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பனர் கட்டிய பெடியள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் அவலம் அண்ணை தலையில் கைவைத்தார். "பாத்தீங்களோ பாதர்? அழ எழுதினாச் சிரிக்குதுகள். சிரிக்க எழுதினா அழுதுகள். இந்தச் சனத்துக்கு எழுதிக் குடுத்ததைச் செய்யத் தெரியாது!"

பாதரும் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த வருசம் அவலம் அண்ணை பழைய தொழிலுக்குத் திரும்பிவிட்டார். ராசா செத்தார், ராணி செத்தாள், விசிறிக்காரனும் செத்தான். இந்த வருசமும் அப்படித்தான். இரண்டாவது சாவு இன்னும் என்னுடையதுதான். கந்தோரில் பெரிய கதிரைக்கு வந்துவிட்டேன், மேடையில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் புதிதாகச் செய்கிறார். திரை விழுந்ததும் அவர்தான் முதலில் மேடைக்கு வருகிறார். விழுந்து கிடக்கிற ஒவ்வொருவராகக் குனிந்து, கன்னத்தில் தட்டி எழுப்புகிறார். விசிறிக்காரனைக்கூட விடுவதில்லை. எங்களுக்கு எழும்பத் தெரியாதா என்ன? எறும்பு கடிக்கும், முழங்கால் பிடிக்கும். இருந்தாலும் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடப்பேன், ஐஸ் பிடித்துக் குளிர்ந்த அந்தக் கை என் முகத்தில் படும்வரைக்கும்.

"எழும்பு மோனை" என்பார். "நிலம் குளிருது."